காட்டிலிருந்து வந்த பால்மரம்

(தோட்ட மண்டபம் ஒன்றில் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் மரங்களைப் பற்றிப் பேச வந்துள்ளோம். விடியுமுன் எழுந்து மரத்தோடு மரமாய் நின்று உழைக்கும் உங்களிடம் மரத்தைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும் என்பதை அறிவோம். ஆயினும், உங்கள் கை நன்கு அறிந்த அம்மரம் எந்தக் காட்டில் பிறந்தது, அதன் பட்டைக்குள் பால் எதற்காக ஊறுகிறது என்பவற்றை அறிந்துகொண்டால், நாள்தோறும் நீங்கள் செய்யும் வேலையின் காரணங்கள் பல விளங்கும். நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் செம்பருத்திப் பூவின் உறுப்புகளை வரைந்து வரைந்து கை சலித்தோம். ஆனால், பால்மரம் ஏன் பால் தருகிறது என்பதை எவரும் சொல்லித் தந்ததில்லை.

முதலில் மழைக்காட்டைச் சற்று நோக்குவோம். அங்கே நீருக்கும் வெப்பத்திற்கும் குறைவில்லை. எட்டாக்கனியாய் இருப்பவை ஒளியும் மண்ணின் சத்துமே. இத்துணை அடர்ந்த காட்டில் மண் வளம் இல்லையா என நீங்கள் வினவலாம். காட்டின் வளத்தில் பெரும்பகுதி மண்ணில் இல்லை, மரங்களிலேயே இருக்கிறது. உதிர்ந்த இலை ஈரத்திலும் வெப்பத்திலும் விரைவில் மட்கிவிடும். மட்கிய சத்தை வேர்கள் உடனே உறிஞ்சிக்கொள்ளும். காட்டை அழித்தால் எஞ்சிய சத்தையும் மழை அடித்துச் சென்றுவிடும். அவ்விடத்தில் லாலாங் புல் மண்டுவதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

சத்து மேல்மண்ணில் இருப்பதால் பெரும்பாலான காட்டு மரங்களின் வேர்கள் ஆழமாய் இறங்காது பக்கவாட்டில் படர்கின்றன. அங்ஙனமாயின் உயர்ந்த மரம் காற்றில் சாயாதோ? அதற்காகவே பல மரங்கள் அடியில் பலகை போன்ற வேர்களை நாற்புறமும் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. உயரத்திற்குக் காரணம் ஒளிக்கான போட்டி. சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில் உள்ள மஞ்சள் மெராந்தி மரம் ஒன்றின் உயரம் 100.8 மீட்டர் என 2019இல் அறிவிக்கப்பட்டது. தாமே உயர இயலாத பிரம்பு முதலியன முள்ளால் பற்றி ஏறுகின்றன. ஆலின் உறவான அத்தி வகைகள் சில, பறவையின் எச்சத்தில் விழுந்த விதையாக மரத்தின் உச்சியிலேயே முளைத்து, அங்கிருந்து வேரைக் கீழே இறக்கி, இடம்கொடுத்த மரத்தையே நெரித்துவிடுகின்றன.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, மழைக்காட்டுச் செடிகளின் பெருந்தொல்லை வேறொன்று. குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் பூச்சிகளும் பூஞ்சைகளும் மடியும் அல்லது உறங்கும். இங்கே அவற்றிற்கு ஓய்வே இல்லை. செடியோ ஓடி ஒளிய இயலாதது. நின்ற இடத்திலேயே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியது. சில செடிகள் நஞ்சைச் சேர்த்தன. சில முள்ளை வளர்த்தன. சில பாலைச் சுரந்தன. அப்பால் சுரந்தவற்றுள் ஒன்றே நமது இரப்பர் மரம்.

இதன் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. அங்கே 30 மீட்டருக்கு மேலும் உயரும். அதன் பட்டையின் உட்பகுதியில் மெல்லிய பாற்குழாய்கள் நிறைந்துள்ளன. பூச்சியொன்று பட்டையைக் கடித்தால் பால் பீறிட்டு அதன் வாயில் ஒட்டிக் கெட்டியாகும். பூஞ்சையை எதிர்க்கும் பொருள்களும் பாலில் உண்டு. பிறகு பால் உறைந்து, திறந்த குழாய்களின் வாயை அடைத்துக் காயத்தை மூடிவிடும். ஆகவே, மங்கில் நாம் சேர்க்கும் பால், மரம் தன் புண்ணுக்குக் கட்டும் மருந்து. மறுமுறை வெட்டும்போது கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்தெடுக்கிறீர்களே, அம்மருந்தின் கட்டைத்தான் அவிழ்க்கிறீர்கள்.

இதிலிருந்து உங்கள் தொழிலின் முறைகள் பல விளங்குகின்றன. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு ஏன் ஓட வேண்டும்? இரவில் இலைகள் நீரை வெளிவிடாமையால் குழாய்களில் அழுத்தம் மிகுந்து, விடியற்காலையில் பால் தாராளமாய் ஓடும். வெயில் ஏறினால் அழுத்தம் தணிந்துவிடும். கோடு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்கிறது? பாற்குழாய்கள் நேராக மேலேறாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. ஆதலால், அவ்வாறு சாய்த்து வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபடும். நாள்தோறும் வெட்டாமல் இடைவெளி விடுவது ஏன்? இழந்த பாலை மரம் மீண்டும் ஊறவைக்க இரண்டு மூன்று நாள் வேண்டும். அளவு மீறி வெட்டப்பட்ட மரம் ஒருநாள் கோடு முழுதும் வறண்டு பால் தர மறுத்துவிடும்.

பட்டைக்கும் மரக்கட்டைக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வளர்படை ஒன்றுண்டு. புதுப்பட்டையை வளர்ப்பது அதுவே. ஆதலால் உளி அதனைத் தொடாதவாறு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர்ப் பட்டையை விட்டு வெட்ட வேண்டும். அது புண்பட்டால் அவ்விடம் முண்டும் முடிச்சுமாய் வளர்ந்து, பின்னர் உளி ஓடாது. அமேசானில் பண்டு சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்தனர், மரங்கள் பாழாயின. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் 1888 முதல் பணியாற்றிய ரிட்லி என்பார், ஒரே கோட்டை மெல்லிதாய்ச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். அதிகாரி அளவுகோலை நீட்டி ஆழத்தை அளக்கும்போது உங்களுக்குச் சினம் வருவதுண்டு. எனினும், இன்று புண்படும் பட்டை சில ஆண்டுகள் கழித்து உங்கள் கைக்கே திரும்பி வரும் பட்டை அன்றோ?

இம்மரம் இந்நாட்டிற்கு வந்த வரலாறும் காட்டோடு தொடர்புடையதே. இதன் காய் மூன்று அறைகள் கொண்டது. முற்றியதும் படீரென வெடித்து விதைகளைத் தொலைவில் எறியும். அமேசானில் அவ்விதைகள் வெள்ளத்தில் மிதந்து பரவும். அவற்றை உடைத்துத் தின்னும் மீன்களும் அங்குண்டு. ஈரக் காட்டில் உடனே முளைப்பதற்கென அமைந்த விதையாதலால் அது நெடுநாள் உயிரோடிராது. விக்காம் என்னும் ஆங்கிலேயர் 1876இல் தப்பாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை விரைந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றும், முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. நம் முன்னோரைப் போலவே இம்மரமும் கப்பலேறி வந்ததுதான்!

இனி, நாம் சொல்ல வந்த முக்கியச் செய்திக்கு வருவோம்.

முன்பொருமுறை வேறொரு தோட்டத்தில் இவ்வாறு பேசியபோது ஓர் அம்மையார் எழுந்து, "காட்டில் இந்த மரங்கள் நிரை பிடித்து நிற்குமா, ஐயா?" என்று கேட்டார். மிக நல்ல வினா. நிற்பதில்லை. ஒன்றுக்கொன்று வெகு தொலைவில், பிற மரங்களின் நடுவே சிதறி நிற்கும். அங்கே பால் எடுப்பவர் நூறு முதல் இருநூறு மரங்களுக்காகக் காட்டுப் பாதையில் பாதிநாள் நடக்க வேண்டும். நமது தோட்டத்திலோ ஒரு ஹெக்டர் நிலத்திலேயே நானூறுக்கு மேற்பட்ட மரங்கள் நிற்கக் காண்கிறோம்.

அச்சிதறலும் மரத்தின் காப்புகளுள் ஒன்று. அமேசானில் தென்னமெரிக்க இலைக்கருகல் என்னும் பூஞ்சை நோய் உண்டு. அது இளந்தளிர்களைத் தாக்கி உதிர்த்துவிடும். மீண்டும் துளிர்த்தால் மீண்டும் உதிர்க்கும். உணவு சமைக்க இலையின்றி மரம் நுனியிலிருந்து பட்டுப்போகும். காட்டில் மரத்திற்கு மரம் தொலைவாதலால் நோய் எளிதில் தாவுவதில்லை. மேலும், இம்மரம் வறண்ட பருவத்தில் இலை முழுவதும் உதிர்த்து ஒருசேரத் துளிர்க்கும் இயல்புடையது. ஈரமில்லாத நாள்களில் துளிர்க்க நேர்ந்தால், பூஞ்சை பற்றுமுன் தளிர் முற்றித் தப்பிவிடும்.

இக்காப்பை அகற்றியபோது நேர்ந்தது என்ன? மோட்டார் வண்டி புகழ் ஹென்றி போர்டு 1928இல் அதே தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் பெருந்தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். மரங்களை நெருக்கமாக நட்டனர். கிளையும் கிளையும் தொட்டுக்கொண்ட அளவில் நோய்க்குப் பாலம் அமைந்தது, இலைகள் கொட்டின. 1934இல் பெல்தெரா என்னுமிடத்தில் மீண்டும் முயன்றனர். அதுவும் கைகொடுக்கவில்லை. 1945இல் நிலம் பிரேசில் அரசிடமே விற்கப்பட்டது. இன்று பிரேசிலின் இரப்பரில் பெரும்பகுதி, அமேசானிலிருந்து தொலைவில், வறண்ட பருவம் உடைய சாவோ பாவ்லோ மாநிலத்திலேயே விளைகிறது. தாய்மண்ணிலேயே தோட்டமாய் வாழ முடியாத மரம் இது!

அது இங்கே வாழ்வது எதனால்? விதை கடல் கடந்தது, நோய் கடக்கவில்லை. ஆசிய நாடுகளில் அந்நோய் இன்றளவும் கால் வைக்கவில்லை. ஆனால், நமது தோட்டங்களின் மரங்கள் பெரும்பாலும் விக்காம் கொணர்ந்த அவ்விதைகளின் வழித்தோன்றல்கள். ஒரு குடும்பத்தார் போன்றவை. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கக்கூடும். இந்தோனேசியாவிலும் நம் நாட்டிலும் அண்மை ஆண்டுகளில் பெஸ்டலோட்டியாப்சிஸ் என்னும் வேறொரு பூஞ்சையால் இலை கொட்டி, பால் குறைந்த துன்பத்தை உங்களுள் பலர் அறிவீர்கள். அதனினும் கொடியது இலைக்கருகல்.

இதை எண்ணியே 1981இல் பன்னாட்டு ஆராய்ச்சிக் குழுவொன்று அமேசானில் அறுபதாயிரத்திற்கு மேற்பட்ட விதைகளைத் திரட்டியது. அவற்றில் ஒரு பகுதி தக்க காப்புகளோடு மலேசியாவுக்கு வந்து வளர்க்கப்பட்டது. வெவ்வேறு இடத்து மரங்களின் குணங்களை நம் மரங்களோடு சேர்ப்பதே நோக்கம். அது ஓரிரு ஆண்டில் முடியும் வேலையன்று.

அதுவரை வாசலைக் காப்பதே வழி. 1976ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்புச் சட்டம் அதற்காகவே உள்ளது. இன்று வானூர்தி மக்களை ஓரிரு நாளில் அங்கிருந்து இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது; பூஞ்சையின் நுண்விதை உடையிலும் காலணியிலும் ஒட்டி வரலாம். ஆகவே உங்கள் பிள்ளைகளோ உறவினரோ தென்னமெரிக்கா சென்று வந்தால், அன்பு மிகுதியால் அங்கிருந்து செடி, விதை, இலை, மண் எதனையும் கொண்டுவர வேண்டாமென முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அங்கு அணிந்த உடைகளைத் துவைத்து, காலணிகளைக் கழுவியபின் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். வந்த மறுநாளே அவர்களைப் பால்மரக் காட்டைச் சுற்றிக்காட்ட அழைத்துச் செல்ல வேண்டாம். உங்கள் நிரையில், இலையுதிர் காலம் முடிந்தபின்னும் தளிர்கள் சுருண்டு கருகி மீண்டும் மீண்டும் உதிர்வதைக் கண்டால், கிளையை ஒடித்து எடுத்துவராமல் மரம் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அன்றே தோட்ட அலுவலகத்தில் தெரிவியுங்கள்.