கழித்தலைக் கூட்டிப் பார்ப்போம்

ஏழுடன் ஐந்தைச் சேர்த்தாலும், ஐந்துடன் ஏழைச் சேர்த்தாலும் 12 தான். கூட்டலில் எண்கள் இடம் மாறலாம், பெருக்கலிலும் அப்படியே. இதைப் பரிமாற்று விதி என்பர். ஒன்பதாம் வாய்பாடு வரை, வாய்பாட்டுக்கு ஒன்பது வரியாக 81 பெருக்கல்கள் உள்ளன. ஏழெட்டும் எட்டேழும் ஒன்றே என்று அறிந்த பிள்ளைக்கோ 45 போதும்!

ஆனால் இந்தச் சலுகையைப் பிள்ளைகள் கழித்தலுக்கும் கொண்டு போய்விடுகிறார்கள். 52 வெள்ளியில் 38 வெள்ளிக்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு? ஒன்றின் இடத்தில் மேலே 2, கீழே 8. இரண்டில் எட்டுப் போகாது. உடனே பிள்ளை எட்டில் இரண்டைக் கழித்து 6 என்று எழுதுகிறது. பத்தின் இடத்தில் ஐந்தில் மூன்று போக 2. விடை 26!

பெற்றோர்களே, ஏச வேண்டாம். கூட்டலில் பழகியதைத்தான் பிள்ளை இங்கும் செய்கிறது. விடையைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கழித்தலின் எதிர்ச்செயல் கூட்டல் அல்லவா? 26உடன் 38ஐச் சேர்த்தால் 64. கையில் இருந்ததோ 52. பிழையைப் பிள்ளையே கண்டுகொள்ளும். பிறகு 52ஐ நான்கு பத்துகளும் 12 ஒன்றுகளுமாகப் பிரிக்கட்டும். 12இல் எட்டுப் போனால் 4. நான்கில் மூன்று போனால் 1. மீதி 14 வெள்ளி. அதோடும் 38ஐச் சேர்த்துப் பார்க்கட்டும்.