கை நடுக்கமும் மூளையின் பாதைகளும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அறிவியல் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். நான் பள்ளியிறுதி வரை பயின்ற ரயில்வே குமாஸ்தா, மருத்துவன் அல்லேன். எனினும், ஊரிலிருந்து வந்து பிள்ளைகளுடன் தங்கியுள்ள முதியோர் நம் காலனியில் பல வீடுகளில் உள்ளனர். அவர்கள் பொருட்டு, பார்க்கின்சன் நோயைப் பற்றி நான் படித்தறிந்ததைக் கூற விழைகிறேன்.

தந்தையாரின் கை நடுங்கினால், "வடநாட்டுக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறோம். நடை தளர்ந்தால், "வயதாகிவிட்டது" என்கிறோம். பேச்சுக் குறைந்து முகம் களையிழந்தால், ஊர் ஏக்கம் என்று விட்டுவிடுகிறோம். மருத்துவர் பேசும் இந்தி அவருக்குத் தெரியாது; மொழிபெயர்ப்பவர் நாமே. நாம் அற்பமென்று விட்டது மருத்துவரின் செவிக்கு எட்டுவதேயில்லை.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு உயிரணுக்கள் உள்ளன. அவற்றைக் கருநிறமாக்கிக் காட்டும் முறையை 1873-இல் இத்தாலியரான கோல்கி கண்டறிந்தார். அவையனைத்தும் ஒரே வலையாகப் பின்னியவை என்பது அவர் கொள்கை. அதே முறையைக் கையாண்ட ஸ்பெயின் நாட்டுக் கஹால், ஒவ்வொன்றும் தனித்தனி உயிரணு என்றார். 1906-இல் இருவருக்கும் சேர்த்தே நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பின்னர் நிலைபெற்றது கஹாலின் கூற்றே.

உயிரணுவுக்குள் செய்தி மின்சாரமாக ஓடுகிறது. அடுத்த உயிரணுவை அடையுமுன் ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. பெரும்பாலும் ஓர் இரசாயனப் பொருளே அதனைக் கடந்து செய்தியைச் சேர்க்கிறது. டோக்கன் முறை உள்ள ஒற்றைப் பாதையில் டோக்கன் கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கலாகாது என்பதை இங்குள்ள ரயில்வே அன்பர்கள் அறிவர். அந்த இரசாயனத்தை டோக்கன் என்றே கொள்ளலாம். பாதை நன்றாயிருக்கும், வண்டியும் நிற்கும், டோக்கன் வராது. பார்க்கின்சன் நோயில் நிகழ்வது ஏறத்தாழ இதுவே.

நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோபமின் என்னும் பொருளை அனுப்பி, உடலின் அசைவுகளைத் தொடங்கவும் ஒழுங்குபடுத்தவும் துணைபுரிகின்றன. இந்நோயில் அவை அழிகின்றன. அறிகுறிகள் வெளிப்படும்போது அவற்றுள் ஏறத்தாழப் பாதி அழிந்திருக்கும் என்று கணிக்கின்றனர்.

நோயை 1817-இல் விவரித்தவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். அதற்கு மருந்து கண்ட வரலாற்றில் நம் நாட்டு மூலிகைகளுக்கும் இடமுண்டு. சர்ப்பகந்தா இரத்தக் கொதிப்பைத் தணிப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் உலகறியச் செய்தார். அம்மூலிகையிலிருந்து 1952-இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்ப்பினை, ஸ்வீடன் அறிஞர் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார்; அவை அசைவற்றுப் போயின. லெவோடோபா என்னும் பொருளைச் செலுத்தியதும் மீண்டும் இயங்கின. இம்முடிவு 1957-இல் வெளிவந்தது. நோயாளரின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதை 1960-இல் வியன்னா அறிஞர்கள் காட்டினர். அந்த லெவோடோபாவே இன்றும் தலையாய மருந்து. அதனைப் பூனைக்காலி விதையிலிருந்து தாமோதரனும் இராமசுவாமியும் சென்னையில் பிரித்தெடுத்து, 1937-இல் வெளியிட்டனர் என்பது நமக்குப் பெருமை. ஆனால் விதைப்பொடியை வாங்கித் தாமாகவே உண்பது தவறு. அளவு தெரியாத மருந்து ஆபத்தானது.

1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனபிட், மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி நடுக்கத்தை அடக்கினார். இச்சிகிச்சை இந்தியாவிலும் நடைபெறுகிறது. டோபமின் சுரக்கும் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து ஏழு நோயாளரின் மூளையில் வைத்த முடிவுகளை, 2025-இல் ஜப்பானின் கியோட்டோ அறிஞர்கள் வெளியிட்டனர். எனினும் நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. உள்ள மருந்து, முதியவர் தாமே உண்டு, உடுத்து, நடமாடும் ஆண்டுகளை நீட்டித் தருகிறது. அதனைக் காலம் தாழ்த்தாமல் பெறுவிப்பதே நம் கடமை.

ஆதலால் சிலவற்றைக் கவனியுங்கள். கை மடியில் ஓய்ந்திருக்கும்போது நடுங்குகிறதா? நடக்கையில் ஒரு கை வீசாமல் நிற்கிறதா? கையெழுத்து வரவரச் சிறுத்துப் போகிறதா? பொத்தான் மாட்ட நெடுநேரமாகிறதா? நடுக்கமே இல்லாமலும் இந்நோய் வரலாம். எல்லா நடுக்கமும் இந்நோயன்று. பிரித்தறிய வல்லவர் நரம்பியல் மருத்துவரே.

மருந்து தொடங்கினால் கால அட்டவணை தவறலாகாது. திடீரென நிறுத்தவும் கூடாது. ஊருக்குச் செல்லும் இரண்டு நாள் பயணத்தில் மாத்திரைகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவர் மெதுவாக எழும்போது, "சோம்பல்" என்று கடிந்துகொள்ள வேண்டா, எழ வேண்டும் என்னும் எண்ணம் அவரிடம் உண்டு, உடல்தான் காத்திருக்கிறது.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் சங்கத்தில் இந்தி நன்கறிந்த இளைஞர் பலர் உள்ளனர். முதியோர் மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் உடன் சென்று, அவர்கள் தமிழில் கூறுவதை ஒன்றும் குறையாமல் மருத்துவரிடம் எடுத்துரைக்கும் பணியை இவ்வாண்டு முதல் சங்கம் மேற்கொள்ள வேண்டுகிறேன்.