சோர்வு நீக்கும் உணவு நெறி



‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், அதில் எந்த மருந்தின் பெயரையும் கூறவில்லை. உண்ணும் முறையையும் அளவையுமே பெரிதும் எடுத்துரைக்கின்றார். உணவு செம்மையுற்றால் உடல் செம்மையுறும் என்னும் அக்கருத்து, அன்றாடம் பலரை வாட்டும் சோர்வுக்கும் பொருந்துவதாகும்.

காலையில் எழும்போதே களைப்பு, படியேறினால் மூச்சிரைப்பு, மாலையில் தலைசுற்றல். ‘வேலை மிகுதி, வயதும் ஆகிவிட்டது’ என்று பெண்கள் பலர் இதனைப் பொறுத்துக்கொள்கின்றனர். ஆயின் அவர்களுள் பலருக்கு உண்மைக் காரணம் இரத்தசோகையே. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். தமிழகத்தில் இவ்வெண்ணிக்கை 53 ஆகும்.

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது உருவாக இரும்புச்சத்து இன்றியமையாதது. மாதவிலக்கினாலும் மகப்பேற்றினாலும் பெண்களுக்கு இத்தேவை மிகுகின்றது. இரும்புச்சத்து குறைந்தால் தசைகளுக்குப் போதிய பிராணவாயு கிட்டாமல் உடல் சோர்கின்றது.

வீட்டார் அனைவருக்கும் பரிமாறிவிட்டு, எஞ்சிய சோற்றையும் இரசத்தையும் உண்டு எழும் தாய்மார் பலர். வயிறு நிறையும், சத்து நிறையாது. 100 கிராம் தீட்டிய அரிசியில் இரும்புச்சத்து 1 மில்லிகிராமுக்கும் குறைவு. அதே அளவு கம்பிலோ ஏறத்தாழ 6 மில்லிகிராம் உண்டு. ஆதலால் கம்பு, கேழ்வரகு, பயறு வகைகள், முருங்கைக்கீரை, எள் ஆகியவை அடிக்கடி உணவில் இடம்பெறுதல் வேண்டும்.

உண்டால் மட்டும் போதாது. உண்டது உடலில் சேரவும் வேண்டும். தாவர உணவிலுள்ள இரும்பு எளிதில் உட்கிரகிக்கப்படுவதில்லை. உணவோடும் உணவு முடிந்த உடனேயும் அருந்தும் தேநீரும் காப்பியும் அதனை மேலும் தடுக்கின்றன. எனவே உணவுக்கு ஒரு மணி நேரமேனும் முன்போ பின்போ அவற்றை அருந்துதல் நலம். மாறாக, எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி, இரும்பு உடலில் சேர உதவுகின்றது. கீரையையோ சுண்டலையோ அடுப்பிலிருந்து இறக்கிய பின் எலுமிச்சைச் சாறு பிழிந்தால், அச்சத்து வெந்து அழியாது. பயறுகளை முளைகட்டி உண்பதும் நற்பயன் தரும்.

சைவ உணவினர் மற்றொன்றையும் கருத்திற்கொள்ளல் வேண்டும். வைட்டமின் பி12 குறைந்தாலும் சோர்வு தோன்றும். அது தாவர உணவில் கிட்டுவது அரிது. பால், தயிர், மோர் ஆகியவற்றில் உண்டு.

சோர்வு சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரை அணுகுதல் வேண்டும். தைராய்டு கோளாறு, நீரிழிவு போன்றவையும் காரணமாகலாம். கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. அந்நிலையில் உணவோடு மாத்திரையும் தேவைப்படலாம். மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடனோ பாலுடனோ உட்கொள்ளலாகாது.

பிறர் பசியைப் போக்குதல் பேரறம். அவ்வறத்தை நாள்தோறும் இல்லத்தில் செய்யும் தாயின் தட்டில் கீரையும் பயறும் உள்ளனவா என்று பார்த்தல் வீட்டார் அனைவரின் கடமை. அவர் இறுதியாக உண்ணாமல் அனைவரோடும் அமர்ந்து உண்ணட்டும். சோர்வு நீக்கும் முதல் மருந்து அதுவே.