தகர ஷெட்டுக்கு ஃபேன் கடைசி, நிழல்தான் முதல்ல

இன்னைக்கு நம்ம இன்பாக்ஸ்ல வந்த ஒரு கேள்வி. தாம்பரம் பக்கம் வீடு. கொல்லையில பத்துக்குப் பத்து ஷெட், மேல தகர ஷீட். அம்மா அதுலதான் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாங்க. "மே மாசம் மதியம் ஆனா அம்மாவுக்குத் தலை சுத்துது. பெரிய ஃபேனா வாங்கிக் கொடுக்கலாமா?"ன்னு ஒரு தோழி கேட்டிருக்காங்க.

என் பதில்: வாங்கலாம், ஆனா கடைசியா.

நம்ம தோலோட சூடு சுமார் 35 டிகிரி. காத்து அதைவிடச் சூடா இருந்தா, ஃபேன் அந்தச் சூட்டை நம்ம மேலயே தள்ளும். அப்போ உடம்பைக் காப்பாத்துறது வேர்வை காயுறது மட்டும்தான். சென்னைக் காத்துல ஏற்கெனவே ஈரம் இருக்கு. அதனால வேர்வை காயாது, வழியும்.

கோடு ஸ்லோவா ஓடுதுன்னா, எந்த ஃபங்ஷன் நேரத்தைத் தின்னுதுன்னு முதல்ல பார்ப்போம் இல்லையா? இங்கேயும் அதேதான். மதியம் ஷெட்டுக்குள்ள நின்னு, தலைக்கு மேல ஒரு அட்டையைப் பிடிங்க. சட்டுனு இதமா இருந்தா, உங்களைச் சுடுறது காத்து மட்டும் இல்ல, கூரையும்தான். வெயில்ல தகரம் 60 டிகிரியைத் தாண்டும். அம்மா தலைக்கு மேல ஒரு தோசைக்கல் தொங்குற மாதிரி.

அதனால முதல் வேலை, வெயில் தகரத்தைத் தொடாம பார்க்கிறது. ஷீட்டுக்கு ஒரு அடி மேல பச்சை நிழல் வலை கட்டுங்க. நடுவுல காத்து ஓடணும். இல்லன்னா வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட். அழுக்குப் படிஞ்சா பலன் குறையும், அதனால வருஷா வருஷம் கோடைக்கு முன்னாடி கழுவி விடுங்க.

ரெண்டாவது, உள்பக்கம் அலுமினிய ஃபாயில் ஒட்டின இன்சுலேஷன் ஷீட். தகரத்துக்கும் இதுக்கும் ஒரு இன்ச் இடைவெளி விடுங்க. பளபளன்னு இருக்குற பக்கம் கீழ பார்க்கட்டும். மேல பார்த்தா தூசி படிஞ்சு வீணாகிடும். ஃபாயில் சூடானாலும் அந்தச் சூட்டைக் கீழே அதிகம் வீசாது, அதுதான் அதோட குணம். தெர்மாகோல் மலிவுதான், ஆனா தீப்பிடிச்சா ஆபத்து. ஒயரிங் பக்கம் வேண்டவே வேண்டாம்.

மூணாவது, காத்தோட்டம். சூடான காத்து மேல போகும். அதனால உள்ளே வர்ற வழி கீழே, வெளியே போற வழி எதிர்ச் சுவர்ல கூரையை ஒட்டி. கடல்காத்து வர்ற கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் கீழ் ஜன்னல் வச்சா நல்லது. மேல எக்ஸாஸ்ட் ஃபேன். எட்டடி உயரம்னா உள்ளே இருக்கிற காத்து சுமார் 23 கன மீட்டர். மணிக்கு 30 தடவை மாத்தணும்னா, பெட்டியில 700 கன மீட்டர்னு போட்டிருக்கிற ஃபேன் போதும். கீழ் ஜன்னலை மூடிட்டு எக்ஸாஸ்ட் போட்டா, அது சும்மா சத்தம்தான் போடும்.

இவ்வளவும் செஞ்சாலும் ஷெட் வெளிக்காத்தைவிடக் குளிராது. அதுக்கு ஏசி வேணும். ஏசி போட்டா கதையே தலைகீழ், ஓட்டையெல்லாம் அடைக்கணும். இல்லன்னா வெளி ஈரம் உள்ளே வந்து குளிர்ந்த இடத்துல தண்ணியா படியும், அப்புறம் பூஞ்சை.

ஒரு எச்சரிக்கை. உங்களோடது தகரம் இல்லாம ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா இருந்தா, நீங்களே துளை போடாதீங்க, அறுக்காதீங்க, சுரண்டாதீங்க. அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போனா புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். ஃபாயிலைச் சுவர்ல இருந்து தனிச் சட்டம் கொடுத்துத் தாங்குங்க.

தோழி, வேலை முடியுற வரைக்கும் அம்மாவைப் பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் வீட்டுக்குள்ள தைக்கச் சொல்லுங்க. தலை சுத்தினா உடனே நிழல், தண்ணி. பேச்சு குழறினாலோ மயங்கினாலோ உடம்பை ஈரத்துணியால குளிர்விச்சுக்கிட்டே 108-க்கு கூப்பிடுங்க. ஆர்டர் காத்திருக்கும், பரவாயில்ல.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!