கட்டளையும் மறுமொழியும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இன்று பேசுமாறு நமக்குப் பணிக்கப்பட்ட பொருள், இம்மன்றத்தின் மாடிப்படிக்குக் கீழே பூட்டிய அறையில் நிற்கும் இரும்புச் சட்டகத்தையும், அதனை எட்ட இருந்தபடியே இயக்கும் முறையையும் பற்றியதாகும். கம்பனையோ வள்ளுவரையோ கேட்கலாம் என்று வந்தவர்களுக்கு இது சுவையற்ற பொருளாகத் தோன்றலாம். ஆயினும் ஒலி சென்று சேராத இடத்திற்குக் கம்பனும் சென்று சேரான் ஆதலின், சற்றுப் பொறுமையுடன் செவிசாய்க்குமாறு வேண்டுகிறோம். நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். பத்தாம் வகுப்பு தேறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதிக் காலம் கழிப்பவர். கையால் தொட்டுப் பார்த்து அறிந்த அளவையே சொல்லப் போகிறோம்.

நம் கட்டடத்தில் ஒலி பிறக்கும் இடங்கள் நான்கு. மேடை மைக்குகள் யாவும் கலந்து வரும் மிக்சர் ஒன்று; பாட்டு இசைக்கும் கணிப்பொறி இரண்டு; அறிவிப்பாளர் மேசை மூன்று; சமையல் கட்டில் உள்ள மைக் நான்கு. ஒலி சென்று சேர வேண்டிய இடங்களும் நான்கு: முதலாவது மாடிக் கூடம், இரண்டாவது நூலகம், மூன்றாவது கீழேயுள்ள உணவுக் கூடம், நான்காவது வெளி முற்றம். இவ்விரு நான்கிற்கும் நடுவே இருப்பதுதான் ‘மேட்ரிக்ஸ்’ என்னும் பெட்டி. எந்த ஒலியை எந்த இடத்திற்கு அனுப்புவது என்பதை அதுவே தீர்க்கிறது. எங்கள் ரயில்வே யார்டில் பாயிண்டு மாற்றி வண்டியைத் தடம் திருப்புவது போன்றதே இது. ஒரு வேறுபாடு உண்டு. ஒரே வண்டி ஒரே நேரத்தில் நான்கு நடைமேடைகளில் நிற்க முடியாது. ஒரே ஒலி நிற்க முடியும். ஆனால் ஓர் இடத்திற்கு ஒரு நேரத்தில் ஓர் ஒலிதான் போகும்.

இப்பெட்டியும், மிக்சரும், ஆம்ப்ளிபையர்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகாணி கொண்டு பொருத்தப்பட்டிருக்கும் சட்டகத்திற்கு ‘ராக்’ என்று பெயர். கருவியின் முகப்பு 19 அங்குல அகலம். உயரம் ஒன்றே முக்கால் அங்குலத்தின் மடங்காக அமையும். பழைய தொலைபேசி நிலையங்களில் வழங்கிய அளவு இது; இன்று வரை மாறவில்லை. எக்கம்பெனியின் கருவியானாலும் இச்சட்டகத்தில் பொருந்தும் என்பது இதனால் வந்த நன்மை.

நிற்க. இதனை இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் சென்ற ஆண்டுப் பொங்கல் விழா. முழங்கால் வலியால் படியேற இயலாத முதியோர் இருபது பேருக்கு மேல் கீழே உணவுக் கூடத்தில் அமர்ந்திருந்தனர். மேடை நிகழ்ச்சி அங்குள்ள ஒலிபெருக்கி வழியே கேட்கும் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தோம். காலையில் பந்தி அறிவிப்புக்காகச் சமையல் கட்டு மைக்கை அக்கூடத்திற்குத் திருப்பியிருந்தார்கள். விழா தொடங்கியதும் கணிப்பொறியில் ‘மேடை’ என்ற கட்டத்தை அழுத்தினார்கள். திரையில் பச்சை நிறம் தோன்றியது. எல்லாம் முறைப்படி நடப்பதாக மாடியில் இருந்த அனைவரும் எண்ணினோம். கீழேயோ இரண்டு மணி நேரம் பாத்திரம் கழுவும் ஓசைதான் கேட்டது. ஒருவரும் மேலே வந்து முறையிடவில்லை. படியேற முடியாதவர்கள் எவ்வாறு வந்து முறையிடுவார்கள்? வீடு திரும்புகையில் ஒரு மூதாட்டியார் தம் பேரனிடம், “உன் பாட்டு நன்றாக இருந்ததாடா?” என்று கேட்டதைக் கேட்டபோதுதான் செய்தி நமக்குத் தெரிந்தது.

மறுநாள் ஆராய்ந்ததில் பெட்டியில் பழுதில்லை. அதன் பின்புறத்தில் செருகியிருந்த கம்பி தளர்ந்திருந்தது. கட்டளை போய்ச் சேரவே இல்லை. ஆனால் திரை மட்டும் பச்சை காட்டியது ஏன்? கருவிகளை அமைத்துத் தந்தவர்கள் எழுதிய நிரல், தான் அனுப்பியதையே நடந்ததாகக் கொண்டு நிறத்தை மாற்றியது. பெட்டி என்ன சொன்னது என்று கேட்கவில்லை. இன்றைய உரையின் கருவே இதுதான்.

அக்கம்பியின் வழியே செல்லும் பேச்சு எத்தகையது என்று பார்ப்போம். அதற்குச் ‘சீரியல்’ முறை என்று பெயர். சீரியல் என்றதும் நம் வீடுகளில் இரவு உணவைத் தாமதப்படுத்தும் தொலைக்காட்சித் தொடர் நினைவுக்கு வரும், இஃது அதுவன்று. எழுத்துகளின் கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் செல்வதால் இப்பெயர். ஆர்.எஸ்.232 என்னும் இதன் விதிமுறை 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. ஒன்று என்பதற்கு எதிர் மின்னழுத்தம், சுழி என்பதற்கு நேர் மின்னழுத்தம். ஓர் எழுத்துக்கு எட்டுக் கூறுகள், தொடக்கக் குறி ஒன்று, முடிவுக் குறி ஒன்று, ஆகப் பத்து. நொடிக்கு 9600 கூறுகள் என்பது நம் பெட்டியின் வேகம். அதாவது நொடிக்கு 960 எழுத்துகள். இவ்வேகம் இரு பக்கமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இன்றேல் பொருளற்ற குறிகளே வந்து விழும். ஒன்பது முனை செருகியில் நமக்குத் தேவையானவை மூன்றே: இரண்டு, மூன்று, ஐந்து. ஒருவர் வாய் மற்றவர் காதுக்கும், மற்றவர் வாய் இவர் காதுக்கும் செல்லுமாறு இணைக்க வேண்டும். வாயை வாயோடு இணைத்துவிட்டுக் கருவி கெட்டுவிட்டது என்று வருந்துவோர் பலர்.

நம்மிடம் இருப்பது எக்ஸ்ட்ரான் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் பெட்டி. அதன் மொழி மிகச் சிறியது. ‘1*3$’ என்று நான்கு குறிகளை அனுப்பினால், முதல் ஒலியை மூன்றாம் இடத்திற்குக் கொடு என்று பொருள். இக்கட்டளை செல்ல நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரமும் ஆகாது. பெட்டி அதனைச் செய்துவிட்டு, ‘அவுட்3 இன்1 ஆட்’ என்று ஆங்கில எழுத்தில் திருப்பிச் சொல்லும். இல்லாத உள்வழியைச் சொன்னால் ‘இ01’ என்னும். கட்டளையே விளங்காவிடில் ‘இ10’ என்னும். வேறு கம்பெனிகளின் கருவிகள் பலவற்றில் கட்டளையின் இறுதியில் தட்டச்சுப் பொறியில் வரி மாற்றுவதற்குரிய குறியையும் சேர்க்க வேண்டும். அது வரும் வரை கருவி வாளாவிருக்கும். பேசி முடித்துவிட்டீர்களா என்று காத்திருக்கும் பணிவு அது!

மறுமொழியின் அருமையை ரயில்வே ஊழியர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வண்டி வருகிறது, கேட்டை மூடு என்று நிலைய அதிகாரி தொலைபேசியில் சொல்கிறார். “சரி ஐயா” என்றால் போதாது. கேட்டை மூடிய பின், தம் தாளில் அடுத்துள்ள ‘பிரைவேட் நம்பர்’ என்னும் எண்ணைக் காவலர் சொல்ல வேண்டும். அதிகாரி அதனைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். ஒரு முறை சொன்ன எண்ணை அடித்துவிடுவார்கள். அந்த எண் வந்தாலன்றிக் கேட்டு மூடியதாகக் கணக்கில்லை. ‘அவுட்3 இன்1 ஆட்’ என்பது நம் பெட்டி கொடுக்கும் பிரைவேட் நம்பர்.

ஆதலின் நம் சங்கத்து இளைஞர் இருவர் நிரலைத் திருத்தி எழுதினர். இப்போது கட்டளை போனதும் கட்டம் மஞ்சள் ஆகும். மறுமொழி வந்த பின்னரே பச்சை. ஒரு நொடிக்குள் வாராவிடில் மீண்டும் ஒரு முறை அனுப்பும். அப்பொழுதும் வாராவிடில் சிவப்பு. அன்றியும் நிமிடத்திற்கு ஒரு முறை ‘3$’ என்று வினவும். மூன்றாம் இடத்தில் இப்போது எந்த ஒலி உள்ளது என்பதே அதன் பொருள். பெட்டியின் முகப்புப் பொத்தானை ஒருவர் கையால் அழுத்தினாலும் அச்செய்தியைப் பெட்டி தானே கம்பியில் சொல்லிவிடும். ஆனால் கம்பி கழன்றால் அதுவும் வாராது. வினவினால்தான் தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பச்சை நிறம் பெட்டியின் சொல்லே அன்றி ஒலிபெருக்கியின் சொல் அன்று. ஆம்ப்ளிபையர் அணைந்திருக்கலாம்; எலி கம்பியைக் கடித்திருக்கலாம். ஆகவே விழா தொடங்கி ஐந்து நிமிடத்தில் ஒருவர் கீழே சென்று, முதியோர் நடுவே அமர்ந்து, தம் காதால் கேட்டு வர வேண்டும் என்று விதி செய்திருக்கிறோம். எத்துணைக் கருவி வாங்கினாலும் இந்த விதியை எடுத்துவிடலாகாது என்பது நம் கருத்து.

கம்பியைப் பற்றிச் சில சொற்கள். ஆர்.எஸ்.232-க்குப் பழைய விதி கூறும் நீளம் 50 அடி. இயக்குபவர் மேசை அதற்குள் இருப்பதால் நமக்கு இடரில்லை. தொலைவு மிகுந்தால் 1983-இல் வந்த ஆர்.எஸ்.485 உண்டு, இரு கம்பிகளின் வேறுபாட்டை அளந்து பேசுவதால் ஏறத்தாழ 4000 அடி வரை செல்லும். ரயில் நிலையங்கள் பலவற்றில் பெட்டி எண் காட்டும் பலகைகளுக்குச் செய்தி செல்வது இவ்வழியே. இன்றைய மடிக்கணினிகளில் ஒன்பது முனைத் துளை இல்லாமையால், யு.எஸ்.பி. மாற்றி ஒன்று வேண்டும். அதனை எப்போதும் ஒரே துளையில் செருகுங்கள். இடம் மாறினால் கணிப்பொறி அதற்கு வேறு எண் கொடுத்துவிடக் கூடும். நிரல் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும்.

இறுதியாகக் குறிப்பேடு. நம் உறுப்பினர்களில் மத்திய அரசு, வங்கி, ரயில்வே ஊழியரே மிகுதி. மூன்றாண்டு ஓரிடத்தில் இருந்தால் அதிகம். கம்பிகளை இழுத்துத் தந்த அன்பர் குவாஹாட்டிக்கு மாற்றலாகிச் சென்ற பின், எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்று அறிந்தவர் ஒருவருமில்லாமல் மூன்று மாதம் இடர்ப்பட்டோம். இப்போது ஏழு பக்கக் குறிப்பேடு ஒன்று சட்டகத்தின் கதவுக்குள் நூலில் தொங்குகிறது. வழிகளின் எண்கள், வேகம், கட்டளைகள், அவற்றிற்கு வர வேண்டிய மறுமொழிகள் யாவும் தமிழிலும் இந்தியிலும் எழுதியிருக்கின்றன. இந்தி, நம் சௌக்கிதாருக்காக. திரை சிவப்பானால் எந்தச் செருகியை அழுத்த வேண்டும் என்பதை அவரே இப்போது பார்த்துக்கொள்கிறார்.

ஞாயிறுதோறும் நூலகம் திறந்ததும் காலை 10 மணிக்கு அவ்வறையைத் திறந்து வைத்திருப்போம். கற்றுக்கொள்ள இருவர் தேவை. வயது வரம்பில்லை, ஆண் பெண் வேறுபாடுமில்லை. நிரல் எழுதிய இளைஞருள் ஒருவருக்கு மே மாதத்தில் மாற்றல் உத்தரவு வரும் என்று கேள்விப்படுகிறோம். அதற்குள் வந்தால் அவரிடமே கற்கலாம்.