திடலில் கற்ற தமிழ்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



'பள்ளியும் தமிழும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். பள்ளியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் வகுப்பறைக்குள் நெடும்பொழுது நிற்க மாட்டேன். எனக்குத் தெரிந்த தமிழிற் பாதியைப் பள்ளியின் பின்புறத்துத் திடலிலேயே கற்றேன். அத்திடல் இன்று இல்லை. அதனோடு எவையெவை போயின என்று கணக்குக் கொடுக்கவே வந்துள்ளேன்.

எங்கள் ஊர் அவிநாசிபாளையம். கோவை–கரூர்ச் சாலையும் திருப்பூர்–தாராபுரம் சாலையும் குறுக்கிடும் ஊர். அந்நாளில் அது கோவை மாவட்டம். திருப்பூர் தனி மாவட்டமானது 2009இல். நான் தொடக்கப்பள்ளியிற் சேர்ந்தது 1974ஆம் ஆண்டு. ஓட்டுக் கூரை, வாயிலில் ஒரு வேம்பு, உள்ளே இரண்டு கரும்பலகை. பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்போம். பள்ளிக்குப் பின்னால் புறம்போக்குத் திடல், அதற்கப்பால் கொறங்காடு.

கொறங்காடு என்றால் பிற மாவட்டத்தார் சிலர்க்கு விளங்காது. காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் உழவின்றி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக, மாடு மேய்ச்சலுக்கென்றே விடப்பட்ட நிலம் அது. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. வேலியில் ஆள் நுழையும் வழிக்குக் 'கடவு' என்று பெயர். எங்களுக்கு அதை எவரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பந்து உள்ளே விழுந்தால் கடவு வழியாகப் போய் எடுப்போம், அவ்வளவுதான். இன்று அதே ஊரில், பிள்ளைகள் வாயில் 'கேட்டு' என்னும் சொல்தான் வருகிறது.

எங்கள் முதன்மையான ஆட்டம் சில்லாங்குச்சி. என் அப்புச்சி அதனைக் கிட்டிப்புள் என்பார். நீண்ட கோல் கிட்டி. இருமுனையும் சீவிய சிறுகுச்சி புள். புள் என்றால் பறவை! தட்டினால் எழும்பிப் பறப்பதால் எந்தச் சிறுவனோ என்றோ அதற்கு அப்பெயரிட்டான். பறவையைப் புள் என்று வீட்டில் இன்று யார் சொல்கிறார்கள்? பேச்சில் மாண்ட சொல் ஆட்டத்தில் உயிரோடிருந்தது. பிற்பாடு திருக்குறளில் அச்சொல் வந்தபோது ஆசிரியர் வாய் திறக்குமுன் நான் பொருள் கூறினேன். தாயத்தைப் பாருங்கள். அங்கே ஆடுவது காய். கட்டங்களைக் கடந்து உள்ளே சேர்ந்தால் அது பழம். பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு. அணி பிரிப்பதற்கு உத்தி பிரித்தல் என்று பெயர். இருவர் இருவராக ஒதுங்கி, தமக்குள் மறைபெயர் வைத்துக்கொண்டு வந்து நிற்போம். தலைவன் ஒரு பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்வான். நன்னூற் பாயிரத்தில் முப்பத்திரண்டு உத்தியைக் கல்லூரியிற் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்து மூன்றாவதை நான் ஏழு அகவையிலேயே கற்றிருந்தேன்!

இவை நேற்று முளைத்தவையல்ல. நற்றிணையின் மூன்றாம் பாட்டில் இளங்கீரனார் ஒரு காட்சி வைத்திருக்கிறார். வில்லாண்டு வாழ்வார் சிற்றூர், வேம்பின் நிழல், அங்கே சிறுவர் தரையில் அரங்கு கீறி, நெல்லிக்காயையே வட்டாகக் கொண்டு ஆடுகிறார்கள். பொருள்தேடச் சென்று மீண்ட தலைவனைப் பாடவந்த புலவர், அச்சிறுவரைப் பாராமற் போகவில்லை. எங்கள் பள்ளி வேம்பின் அடியிலும் பெண்பிள்ளைகள் ஓட்டுச் சில்லால் கட்டம் கீறிப் பாண்டியாடினர். பாவாணர் 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்றே தனிநூல் எழுதினார். ஆண்பால், பெண்பால், இருபால் என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் பகுத்தெழுதினார். வேர்ச்சொல்லில் மூழ்கிய பேரறிஞர் சிறுவர் ஆட்டத்திற்கு ஏன் ஒரு நூலைச் செலவிட்டார் என்று நம்மிற் சிலர் வியக்கலாம். எனக்கு வியப்பில்லை.

அச்சொற்கள் எப்படிக் கைமாறின? பத்து அகவைப் பையனிடமிருந்து ஆறு அகவைப் பையனுக்கு. இடையில் பெரியவர் எவருமில்லை. நம் திண்ணைப் பள்ளிகளிலும் சட்டாம்பிள்ளை இளையவர்க்குச் சொல்லித் தரும் வழக்கம் இருந்தது. சென்னையில் 1789 முதல் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை நடத்திய ஆண்டுரு பெல் என்பார், இங்குள்ள பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797இல் அதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராசு முறை' என்று அங்கே புகழ்பெற்றது. திண்ணைப் பள்ளி மறைந்த பின்பும் அம்முறை எங்கள் திடலில் நடந்துகொண்டுதான் இருந்தது. 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. யானைத் துதிக்கைபோல் எழுதிப் பழகிய 'லை' எழுத்தை மாற்றி எழுதச் சொன்னார்கள். அதன் நன்மை தீமை இங்கு வேண்டா. திடலுக்கு எந்த ஆணையும் வரவில்லை. அங்கே எல்லாம் முன்போலவே நடந்தன.

முதல் அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. 1979 கோடையில் நாங்கள் ஐந்தாம் வகுப்பை முடித்தோம். ஆட்டக் கூட்டத்தில் பதினொருவர். ஆறாம் வகுப்பிற்குப் போனவர் அறுவர். ஏனையோர் திருப்பூருக்குப் பனியன் தொழிலில் கைமடி வேலைக்குப் போயினர். தைப்பவர் அருகில் நின்று துணியை மடித்துக் கொடுக்கும் வேலை அது. சில்லாங்குச்சியில் எங்களுள் தலைசிறந்தவனும் போனான். அவன் பெயர் வேண்டா. ஆட்டத்தில் வழக்கு எழுந்தால் தீர்ப்புச் சொல்பவன் அவனே. எந்த அடிக்கு என்ன பெயர், புள் வேலியிற் சிக்கினால் என்ன முறை என்பதெல்லாம் அவன் நாவில் இருந்தன. அவன் அண்ணனிடம் கற்றவை. தம்பிமார்க்குக் கொடுக்க வேண்டியவை. பொழுது புலருமுன் பேருந்தேறி இருட்டிய பின் திரும்பும் பத்து அகவைப் பிள்ளை யாருக்குக் கொடுப்பான்? குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. அவனுக்கு அப்போது அகவை பதினேழு.

அடுத்துத் திடலே போயிற்று. ஏற்றுமதி பெருகப் பெருகச் சாலையோரம் நிலத்தின் விலை ஏறியது. திடலின் ஒரு பாதியிற் கட்டடம். மறுபாதியிற் சரக்குந்துகள் நிற்கின்றன. யார் எடுத்தார், யார் விட்டார் என்னும் வழக்கிற்குள் நான் போகவில்லை. பின்னலாடையால் எங்கள் பக்கத்து அடுப்புகள் எரிகின்றன என்பதையும் மறுக்கவில்லை. எனினும், 2010 ஏப்பிரல் முதல் நடப்பிலுள்ள கல்வியுரிமைச் சட்டத்தின் இணைப்பிலேயே, பள்ளிக்கு வேண்டியவற்றுள் ஒன்றாக விளையாட்டுத் திடல் குறிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்திற்காக எத்தனை மேடையிற் பேசினோம்! அது வேண்டியதே. ஆனால் ஆடுகளத்திற்காக எத்தனை மேடை போட்டோம்?

களம் போனால் சொல்லை யார் கொடுக்கிறார்? தொலைக்காட்சி கொடுக்கிறது. நாங்கள் சடுகுடுவில் மூச்சடக்கிக் கோட்டைத் தாண்டுவதைப் 'பாடப்போதல்' என்றோம். இன்று என் மாணாக்கர் 'ரெய்டு' என்கின்றனர், பிடிப்பது 'டேக்கிள்'. 2014இல் தொடங்கிய கபடிப் போட்டித் தொடரின் கொடை அது. 'கைபிடி'யே கபடி ஆயிற்று என்பாரும் உளர். அதனை நான் அழுத்திக் கூறேன், சான்று வலுவாக இல்லை. பாடப்போதல் நம் சொல் என்பதற்குச் சான்றே வேண்டா. 2004இல் 'கில்லி' என்றொரு திரைப்படம் வந்தது. கில்லி கிட்டிப்புள்ளின் பெயர். அப்படத் தலைவன் ஆடியதோ சடுகுடு! என் வகுப்பில் அப்படத்தை அறியாதாரில்லை. கிட்டியைக் கையாற் பிடித்தவர் எவருமில்லை.

ஆயினும் ஒன்று கண்டேன். என் பள்ளியில் ஒடியா பேசும் தொழிலாளர் வீட்டுச் சிறுமி ஒருத்தி ஆறாம் வகுப்பிற் சேர்ந்தாள். அகரமும் அறியாள். அங்குள்ள பெண்பிள்ளைகள் நண்பகல் உணவுக்குப் பின் நடைகூடத்தில் ஐந்துகல் ஆடுவர். மூன்று கிழமைக்குள் அவள் "ஒன்றாங்கொத்து, இரண்டாங்கொத்து" என்று எண்ணத் தொடங்கிவிட்டாள். நான் எழுத்துக் கற்பிக்கத் தொடங்குமுன் எண்ணுப்பெயர் அவள் நாவில் ஏறியிருந்தது. அவள் தம்பி பையன்களோடு மட்டைப்பந்து ஆடினான்; அவன் கற்ற முதற்சொல் 'அவுட்டு'. அவனைக் குறைகூற முடியுமா? நம் பிள்ளைகள் எதைச் சொன்னார்களோ அதையே கற்றான்.

அதன்பின் என் மாணாக்கரிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் அப்புச்சி, ஆத்தா, அப்பாரு யாராயினும் அவர்களிடம் ஆட்டப் பெயரும் ஆட்டச் சொல்லும் கேட்டு எழுதி வருக என்றேன். வெறும் பட்டியல் வேண்டா. ஆடிக்காட்டவும் வேண்டும் என்றேன். பனியன் வேலையிலிருந்து களைத்து வந்த தாய்மார் சிலர் இரவில் வாசலில் கோடு கீறிப் பாண்டி ஆடிக்காட்டினராம். வெள்ளிக்கிழமை மாலை ஒரு பாடவேளையைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெற்று, பள்ளி முன்றிலில் ஆடவிட்டிருக்கிறேன். இடம் சிறிது. சில்லாங்குச்சிக்குப் போதாது, சன்னற் கண்ணாடி உடையும். பம்பரமும் பாண்டியும் சடுகுடுவும் நடக்கின்றன.

கூடத்தின் வாயிலில் ஒரு குறிப்பேடு வைத்துள்ளேன். போகும்போது, நீங்கள் சிறு அகவையில் ஆடிய ஆட்டத்தின் பெயரையும், ஊர்ப் பெயரையும், ஆட்டத்திற் சொன்ன சொற்களையும் எழுதிச் செல்லுங்கள். சில்லாங்குச்சியில் புள் வேலியில் மாட்டிக்கொண்டால் உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்பதை மறவாமல் எழுதுங்கள். எங்கள் ஊர்ச் சொல் எனக்கு நினைவில்லை, அதை அறிந்தவனும் இப்போது உயிரோடில்லை.