குடும்ப வாகும் உப்பு ஜாடியும்



"அப்பாவுக்கும் பிரஷர், தாத்தாவுக்கும் பிரஷர். எங்க குடும்ப வாகு டாக்டர், நாம என்ன பண்ண முடியும்?" என் அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. முதல் பாதி உண்மை. பெற்றோருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு கூடுதல். ஒரே ஒரு மரபணு செய்யும் வேலையல்ல இது; நூற்றுக்கணக்கானவை சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடுகின்றன. இரண்டாம் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வதில்லை.

1960களில் அமெரிக்காவில் லூயிஸ் டால் என்ற மருத்துவ ஆய்வாளர் எலிகளை இரண்டு வம்சமாகப் பிரித்து வளர்த்தார். உப்பைக் கூட்டியதும் ஒரு வம்சத்துக்கு அழுத்தம் எகிறியது, மற்றதற்கு அசையவில்லை. எகிறிய வம்சத்துக்கே உப்பைக் குறைத்துக் கொடுத்தபோது அந்த அளவுக்கு ஏறவில்லை. பிறகு, உப்பைத் தாங்கும் எலியின் சிறுநீரகத்தை மற்றதற்குப் பொருத்திப் பார்த்தார்கள். அழுத்தம் இறங்கியது! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்புதான். பரம்பரையாக வருவதில் ஒரு பங்கு, உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் படும் சிரமம். ஆகவே நம் கையில் இருப்பது உப்பு ஜாடி.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஒரு தேக்கரண்டி அளவுதான். இல்லத்தரசிகளே, ஒரு கணக்குப் போடுங்கள்: நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, கடை மிக்ஸர் எல்லாம் இதற்கு மேல். அதையும் சேர்த்தால் பாக்கெட் இன்னும் நாள்பட வர வேண்டும். "இந்துப்புக்கு மாறிட்டேன்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

ஒரு அம்மா மாத்திரைக்காக வந்திருந்தார். வண்டியில் கூட்டி வந்த மகனுக்கு முப்பது வயதிருக்கும். "தம்பி, கையைக் காட்டுங்க" என்றேன். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க சார்!" அளந்தால் 152க்கு 98. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து மறுபடி அளந்தேன். அடுத்த வாரமும் அளந்தேன். 140க்கு 90ஐத் தாண்டியே நின்றது. தயிர்சாதத்துக்கு மூன்று மோர்மிளகாய், சாயங்காலம் மிக்ஸர், நாள் முழுக்க நாற்காலி. மூன்றையும் மாற்றினார், எடையும் இறங்கியது. சில மாதங்களில் 134க்கு 86. எல்லோருக்கும் இப்படி இறங்காது. மாத்திரை தேவைப்படுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

தினம் அரைமணி வேக நடை, காய்கறி, பழம், மதுவும் புகையிலையும் வேண்டாம். இவை நீங்கள் அறிந்தவைதான். அடுத்த முறை அப்பாவையோ அம்மாவையோ பிரஷர் பார்க்க அழைத்துப் போகும்போது, உங்கள் சட்டைக் கையையும் மடித்துக் காட்டுவீர்கள் என்று நம்புகிறேன்.